பீட்சா கடையில் கட்டிய யானை

அரிசோனாவில் பீனிக்ஸை ஒட்டி மேசா என்று ஓர் ஊர். அங்கே ஆர்கன் ஸ்டாப் பீட்சா என்று ஒரு கடை இருக்கிறது. இந்தப் பக்கம் குழந்தை குட்டியோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் யாருடைய பிறந்தநாளையாவது சாக்கிட்டு ஒரு தடவையாவது போயிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். பீட்சாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கவுண்டரில் பணம் கட்டி, நம்பர் வாங்கிக்கொண்டு, நீளமேசையில் முன்பின் தெரியாதவர்களோடு தோளை இடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

விளக்கு மங்கியது. தரையிலிருந்து ஒரு மேடை சுழன்றுகொண்டே மேலே வந்தது. அதன்மேல் குதிரை லாட வடிவத்தில் ஒரு பெரிய பெட்டி. நான்கு அடுக்காக வாசிக்கும் கட்டைகள். அவற்றைச் சுற்றி வளைத்து, வரிசை வரிசையாக நாக்கு நாக்காக ஸ்விட்சுகள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இரண்டு கையையும் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இறக்கினார். என் முன்னால் இருந்த கோலா டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா காதிலிருந்த மெஷினைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது இல்லாமலே கேக்குதுடா."

அந்த அறையில் ஸ்பீக்கர் வழியாக வரும் சத்தம் எதுவும் இல்லை என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அறையைச் சுற்றி மாட்டியிருந்த டிரம்மும் சைலஃபோனும் மணிகளும் நிஜமானவை. ஆள் இல்லாமலே அடித்துக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் காற்று. ஏறக்குறைய 6,000 குழல்கள், அவற்றுக்குக் காற்று தள்ள நான்கு பெரிய ஊதிகள். இத்தனையையும் நடத்துவது அந்த ஒற்றை மனிதர்.

வீட்டுக்கு வந்தபிறகும் அது மண்டைக்குள்ளேயே இருந்தது. பீட்சா கடைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாத்தியம்? தேடிப் பார்த்தேன். அதன் பெயர் தியேட்டர் ஆர்கன், குழல்களில் காற்றை ஊதி ஒலி எழுப்பும் வாத்தியம். அது பீட்சா கடைக்காகச் செய்ததே இல்லை. 1927இல் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில், டென்வர் தியேட்டர் என்ற சினிமாக் கொட்டகைக்காக வர்லிட்சர் கம்பெனி செய்து கொடுத்தது. ஊமைப் படத்துக்குப் பின்னணி வாசிக்க. அங்கே ஆரம்பித்து இரண்டு வருடமாக இந்த வாத்தியங்களின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் எனக்கு "குழாய்ப் பைத்தியம்" என்று பெயர்.

ஊமைப் படக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய கொட்டகைகளில் முழு இசைக்குழுவே உட்கார்ந்து வாசித்தது. இருபது முப்பது பேருக்கு வாரா வாரம் சம்பளம். அதைவிட, ஒரே ஆளை வைத்துக்கொண்டு இருபது பேர் சத்தத்தை எழுப்பினால் முதலாளிக்கு எவ்வளவு லாபம்? தியேட்டர் ஆர்கன் பிறந்த கதை இவ்வளவுதான். கலைத் தாகம், புண்ணாக்கு எதுவும் இல்லை.

ஆனால் அதைக் கற்பனை செய்தவர் சாதாரண ஆள் இல்லை. ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ், 1859இல் பிறந்த ஆங்கிலேயர். வேலை பார்த்தது டெலிபோன் கம்பெனியில், தலைமை எலக்ட்ரீஷியனாக. அதுவரை பெரும்பாலான சர்ச் ஆர்கன்களில் கட்டையை அழுத்தினால் கம்பியும் மரச்சட்டமும் இழுபட்டுத்தான் குழலின் வாய் திறக்கும். வாசிப்பவர் குழல்களின் பக்கத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும். ஹோப்-ஜோன்ஸ் அந்த இடத்தில் மின்கம்பியை இழுத்தார். கட்டையை அழுத்தினால் மின்தொடர்பு, மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம். இனி வாசிப்பவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பர்க்கன்ஹெட்டில் ஒரு சர்ச்சில் இந்த வேலையைச் செய்துவிட்டு, வாசிக்கும் பெட்டியை வெளியே கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்து, அங்கிருந்தே உள்ளே இருக்கும் ஆர்கனை வாசித்துக் காட்டினார்.

இன்னொன்றும் செய்தார். ஒரே குழல் வரிசையை மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று பல இடங்களில் கடன் வாங்கிப் பயன்படுத்தும் வித்தை. கொஞ்சக் குழலை வைத்து நிறைய வண்ணம். அதோடு காற்றழுத்தத்தையும் ஏற்றினார். சர்ச் ஆர்கனில் அழுத்தம் ஏறக்குறைய மூன்று அங்குல உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் அளவு என்றால், இதில் பத்து அங்குலம், சில வரிசைகளுக்கு அதற்கும் மேலே. குழல்களையெல்லாம் திரைக்கு இரண்டு பக்கமும் சுவருக்குள் தனி அறைகளில் பூட்டிவிட்டு, முன்னால் ஜன்னல் பலகை மாதிரி மூடித் திறக்கும் அடைப்புகளை வைத்தார்கள். காலால் அதை மெல்லத் திறந்தால் ரகசியமாகத் தொடங்கும் ஒலி கொட்டகையையே நிறைக்கும். கூடவே குதிரைக் குளம்பு, ரயில் விசில், கார் ஹாரன், குருவி. குருவிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்திய சின்ன விசில், அவ்வளவுதான்.

ஹோப்-ஜோன்ஸுக்கு வியாபாரம் வரவில்லை. அமெரிக்கா போய் நடத்திய கம்பெனி நொடித்து, 1910இல் வர்லிட்சரிடம் போய்ச் சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் நார்த் டோனவாண்டா என்ற ஊரில் தொழிற்சாலை. அவருக்குச் செய்ததையே திரும்பத் திரும்பத் திருத்தும் வியாதி. முதலாளிகளுக்கோ பெட்டி வெளியே போக வேண்டும். கடைசியில் தொழிற்சாலைக்குள் அவரையே விடவில்லை. 1914இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் கண்டுபிடித்தது காசாகக் கொட்டத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். வர்லிட்சர் மட்டும் மொத்தம் 2,200க்கும் மேல் செய்தது. 1926 உச்சம். அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட வேலை நாளுக்கு ஒன்று என்று ரயிலேறிக்கொண்டிருந்தது.

மறு வருடமே, 1927இல், 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. படம் வாயைத் திறந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடத்தில் பங்குச் சந்தையும் விழுந்தது. புதுப் பெயின்ட் வாசனை போகாத ஆர்கன்களைக் கீழே இறக்கி, பள்ளத்தை மூடிவிட்டார்கள். வர்லிட்சர் அசரவில்லை. ஜூக்பாக்ஸ் செய்யப் போய்விட்டது. ஆளை வைத்து வாசிக்கும் பெட்டியைச் செய்த அதே தொழிற்சாலை, காசு போட்டால் ஆளே இல்லாமல் பாடும் பெட்டியைச் செய்தது. கம்பெனிகளுக்கு இதிலெல்லாம் மனக்கஷ்டம் இருப்பதில்லை.

வீணை என்றால் உறைபோட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பியானோவைக்கூட நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுவார்கள். தியேட்டர் ஆர்கனை அப்படி எடுக்க முடியாது. கட்டிடத்தின் சுவர்களுக்குள் குடியிருக்கிறது. கட்டிடத்தின் மண்ணுக்கு என்ன விலையோ அதுதான் ஆர்கனின் தலையெழுத்து. நகர மையத்தில் மண் விலை ஏற ஏற, தொலைக்காட்சி வந்து கூட்டம் குறையக் குறைய, 1950களிலும் 60களிலும் கொட்டகைகள் வரிசையாக இடிபட்டன. நியூயார்க்கின் ராக்சி, கிட்டத்தட்ட 6,000 பேர் உட்காரும் அரண்மனை, 1927இல் திறந்து 1960இல் தரைமட்டம். நம்மூரில் கொட்டகை கல்யாண மண்டபமாவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கடைசியில் எடுத்து வைக்க நாற்காலியும் புரொஜெக்டரும்தான் இருக்கும். இங்கே சுவரை உடைத்தால் உள்ளே டன் கணக்கில் ஈயமும் மரமும் தோலும் கம்பியும்.

அதைக் காப்பாற்றியவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையான கூட்டம். எனக்குப் பிடித்தவர் ஃபிராங்க் லாண்டர்மன். கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர். மனநல மருத்துவமனைகளில் ஆட்களை இஷ்டத்துக்கு அடைத்துவைப்பதைத் தடுத்த சட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. அரசியலுக்கு வருமுன் ஊமைப் படத்துக்கு ஆர்கன் வாசித்தவர். சான்பிரான்சிஸ்கோவில் 1929இல் கட்டிய ஃபாக்ஸ் தியேட்டரை 1963இல் இடித்தபோது, அதிலிருந்த, 36 குழல் வரிசை கொண்ட வர்லிட்சரை வாங்கி வந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டார். 4,600க்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியதை ஒரு பிரம்மச்சாரி வீட்டில் வைத்திருந்தார். அக்கம்பக்கத்தினர் என்ன பாடுபட்டார்களோ. அவர் காலத்துக்குப் பிறகு அது டிஸ்னி கைக்குப் போய், 1999 முதல் ஹாலிவுட்டின் எல் கேப்பிட்டன் தியேட்டரில் இருக்கிறது. இன்றைக்குப் போனாலும் படம் தொடங்குமுன் கேட்கலாம்.

டைம்ஸ் சதுக்கத்து பாரமவுண்ட் தியேட்டர் ஆர்கன் இன்னும் பெரிய பெயர். 1926இல் வைத்தது. அங்கே வாசித்த ஜெஸ்ஸி கிராஃபோர்ட் இசைத்தட்டுகளால் நாடு முழுக்கத் தெரிந்தவர். மனைவி ஹெலனும் ஆர்கனிஸ்ட். இரண்டு பேரும் இரட்டைக் கன்சோலில், அதாவது வாசிக்கும் பெட்டியில், உட்கார்ந்து ஒரே ஆர்கனை வாசிப்பார்கள். தியேட்டர் அரங்கை 60களில் அலுவலகமாக்கிவிட்டார்கள். ஆர்கன் இப்போது கன்சாஸின் விச்சிட்டா நகரில், ஒரு கண்காட்சி மண்டபத்தில் இருக்கிறது. 1972இலிருந்து அங்கேதான். கிராஃபோர்ட் விரல் பட்ட கன்சோல் நெருப்புக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது அச்சு அசலாகச் செய்த நகல். குழல்கள் அதே குழல்கள். ஆனால் பாரமவுண்ட் அரங்கின் எதிரொலியை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

ஊர் ஊராகத் திரிந்த ஓர் ஆர்கனும் உண்டு. பிபிசி ஆர்கனிஸ்டாக இருந்த ரெஜினால்ட் ஃபூர்ட் வேலையை விட்டுவிட்டு, 1938இல் அமெரிக்காவின் மோலர் கம்பெனியிடம் ஐந்து அடுக்குக் கட்டை, 27 வரிசைக் குழல், 30 டன் எடையில் ஒன்றைச் செய்யச் சொல்லி, கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். நாடகக் கம்பெனி சாமான் மாதிரி லாரிகளில் ஏற்றி, ஊருக்கு ஊர் இறக்கிப் பூட்டி, வாசித்து, மறுபடி கழற்றி ஏற்றினார்கள். போர் வந்தது. பிபிசியின் சொந்த ஆர்கன் லண்டனில் குண்டுவீச்சில் போனதும், ஃபூர்ட் தன்னுடையதை அவர்களுக்குக் கொடுத்தார். பிறகு பிபிசி அதை விற்க, நெதர்லாந்து வானொலிக்குப் போனது. அங்கிருந்து அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்து சான் டியேகோவில் ஒரு பீட்சா கடைக்கு. கடைசியில் 1980இல் பசடேனாவின் சிவிக் அரங்கத்துக்கு. கண்டம் கண்டமாக அலைந்த அந்த முப்பது டன்னுக்கும் நடுவில் ஒரு பீட்சா கடை தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

பீட்சா கடை என்றதும் ஆர்கன் ரசிகர்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். 1960களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில்தான் இது ஆரம்பித்தது. வேலையிழந்த ஆர்கன்கள் மலிவாகக் கிடைத்தன. கூரை உயரமான கடை கட்டினால் குடும்பங்கள் வரும். எழுபதுகளில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு மூன்று ஆர்கன்களைப் பிரித்து, நல்ல வரிசைகளை எடுத்து, ஒன்றாகச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். மேசாவில் நாங்கள் கேட்டதும் அப்படி வளர்ந்ததுதான். டென்வரில் இருந்தபோது இதில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். பிரிக்கப்பட்ட மற்றவை உதிரிபாகங்களாகக் காணாமல் போயின. முகம் சுளிப்பவர்களின் இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. எண்பதுகளில் கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது, சேர்த்ததை மறுபடி பிரித்து விற்றார்கள் என்பதும் உண்மை. வீடியோ கேமும் ஆடும் பொம்மைகளும் வைத்த பீட்சா கடைகள் வந்துவிட்டன. அந்தக் கடைகளுக்கு யோசனை தந்தவற்றில் கலிபோர்னியாவின் ஆர்கன் பீட்சா கடையும் ஒன்று என்பதுதான் கூத்து.

சரி, ஆனால் நான் பீட்சா கட்சி. இடம் மாறாமல், ஒரு திருகாணிகூடக் கழறாமல், பூட்டிய அறையில் எலி கடித்துக்கொண்டிருக்கும் ஆர்கனைவிட, சீஸ் வாசனையில் நாளும் ஊதிக்கொண்டிருப்பது மேல். இங்கிலாந்தின் முதல் வர்லிட்சர் 1925இல் வால்சால் ஊரின் கொட்டகையில் தொடங்கி, பிறகு டெவன் கடற்கரையில் பீர் என்ற சின்ன ஊரின் சர்ச்சில் பாட்டுக்குத் துணை போனது. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. சர்ச் என்றால் கௌரவம், பீட்சா என்றால் இளப்பமா?

பிறந்த வீட்டிலேயே இருப்பவை இன்றைக்கு மிகக் குறைவு. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி, 1932இலிருந்து. சிகாகோ தியேட்டர், 1921இலிருந்து. டென்வரிலேயே பாரமவுண்ட் தியேட்டரில் 1930இல் வைத்தது அப்படியே இருக்கிறது. மேசாவுக்கு வந்ததன் பக்கத்துத் தெருப் பங்காளி. அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டர் கதையை மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே 1929இல் வைத்த மோலர் ஆர்கன், 3,622 குழல், ஊமையாகிக் கிடந்தது. ஜோ பாட்டன் என்ற பொறியாளர் அறுபதுகளின் தொடக்கத்தில் போய், நான் என் செலவில் சரிசெய்கிறேன் என்று கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து உயிர் கொடுத்தார். பத்து வருடம் கழித்துத் தியேட்டரையே இடிக்கும் நிலை வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். ஊர் மக்கள் காசு சேர்த்துத் தியேட்டரை மீட்டார்கள். அவர் பிறகு அந்தத் தியேட்டருக்குள்ளேயே ஒரு பகுதியில் சாகும்வரை குடியிருந்தார். இடித்துவிட்டுத் தலைமையகம் கட்ட நினைத்தது யார் தெரியுமா? டெலிபோன் கம்பெனி.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "எங்க டிபார்ட்மென்ட்டா?" என்றார். அவர் திருச்சியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தி மூன்று வருடம் டெக்னீஷியன்.

அதனால்தான் அவரை அந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். பெயர் சொல்லவில்லை, சின்ன ஊர், சின்னத் தியேட்டர், பழுதுபார்ப்பவர்கள் விளம்பரம் வேண்டாம் என்கிற ரகம். செவ்வாய்க்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டியிருக்கும். மேடைக்குப் பின்னால் ஒரு மேசை, மின்னடுப்பில் ஒரு பானை. பானையில் வஜ்ஜிரப் பசை கொதிக்கிறது. நம் ஊர் ஆசாரி பட்டறையில் வருமே, அதே வாடை. அப்பா மூக்கை உறிஞ்சிவிட்டு, "வஜ்ஜிரம்" என்றார், ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

ஒவ்வொரு குழலுக்கும் கீழே ஒரு குட்டித் துருத்தி இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு மரப்பலகை, ஒரு பக்கம் கீல் மாதிரி சேர்ந்திருக்கும், மறுபக்கம் வாயைத் திறக்கும். சுற்றிலும் மெல்லிய தோல். கட்டையை அழுத்தியதும் காந்தம் ஒரு சின்ன வட்டத் தகட்டை இழுக்கும். துருத்திக்குள் இருக்கும் காற்று அந்த வழியாக வெளியேறும். வெளியே சுற்றி நிற்கும் காற்றின் அழுத்தம் துருத்தியை நசுக்கும். நசுங்கும்போது அது வால்வை இழுக்க, குழலுக்குள் காற்று பாயும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள்.

தோல் முப்பது, நாற்பது, அதிகம் போனால் ஐம்பது வருடம் தாங்கும். பெரியவர் ஒருவர் பழைய துருத்தி ஒன்றை அப்பா கையில் கொடுத்தார். கட்டைவிரலால் தடவியதும் தோல் மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது. அதைச் சுரண்டி எடுத்து, மரத்தைத் தேய்த்து, புதுத் தோலை நாடாவாக வெட்டி, வஜ்ஜிரம் தடவிச் சுற்றி ஒட்ட வேண்டும். ஒட்டியதும் துருத்தியை அமுக்கி, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்ப்பார்கள். அமுங்கினது அமுங்கினபடியே நின்றால் சரி. மெல்ல வாயைத் திறந்தால் எங்கோ கசிகிறது, மறுபடி முதலிலிருந்து. அங்கே எண்ணூற்றுச் சொச்சம் குழல். அப்போதுதான் நூறு முடித்திருந்தார்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தடுமாறும். ஆனால் கட்டையையும் குழலையும் இணைக்கும் மின்சுவிட்சுகள் நிறைந்த ரிலே அலமாரியைத் திறந்து காட்டியதும் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. வரிசை வரிசையாகக் கான்டாக்ட், பருத்தி நூல் சுற்றிய ஒயர்க் கத்தை, கத்தையை நூலால் கட்டிய முடிச்சு. "ஏண்டா, இது எக்ஸ்சேஞ்சுடா" என்றார். அப்புறம் அந்தப் பெரியவரைப் பார்த்து, விரலால் தேய்த்துக் காட்டி, "கான்டாக்ட் க்ளீனிங்? எவரி மன்த்?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் எக்ஸ்சேஞ்சில் கடகடவென்று இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த, ஸ்ட்ரோஜர் என்ற பழைய இணைப்பு இயந்திர ரேக்குகளை, எலக்ட்ரானிக் வந்தபிறகு கிலோ கணக்கில் ஏலம் விட்டார்கள். அதைப் பற்றி அப்பா அன்றைக்கு எதுவும் பேசவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பழைய தோலைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். சாயந்திரத்துக்குள் பதினோரு துருத்தி. தூக்கிவந்த தயிர்சாதத்தை அங்கேயே சாப்பிட்டோம்.

இந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் கவலை பணம் இல்லை, ஆள். 1955இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய அமெரிக்கத் தியேட்டர் ஆர்கன் சங்கத்தில் முதலில் சேர்ந்தவர்கள் கொட்டகையில் ஆர்கனைச் சின்ன வயதில் கேட்டவர்கள். அந்தத் தலைமுறை போய்விட்டது. அடுத்தது பீட்சா கடையில் கேட்ட தலைமுறை, அவர்களுக்கும் நரைத்துவிட்டது. வீட்டில் ஆர்கன் வைத்திருந்த பெரியவர் காலமானால், பிள்ளைகள் வீட்டை விற்க வேண்டும், ஆர்கனை யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். இனாமாகவே கொடுக்கிறார்கள். யானையை இனாமாகக் கொடுத்தால் வாங்குவது யார், கட்டித் தீனி போடுவது யார்? பிரிக்க, ஏற்ற, வைக்க அறை கட்ட, தோல் மாற்ற என்று ஆகும் செலவில் ஒரு வீடே வாங்கலாம்.

நான் இப்போதும் மாதம் இரண்டு செவ்வாய் போகிறேன். எனக்குக் கை நறுவிசு இல்லை. வஜ்ஜிரம் விரலிலேயே ஒட்டிக்கொள்கிறது. கணினி வேலையில் இருப்பதால், ரிலேவை எடுத்துவிட்டு டிஜிட்டல் பலகை போடலாமா என்று என்னைத்தான் கேட்டார்கள். பெரும்பாலான ஆர்கன்களில் அப்படித்தான் மாற்றியிருக்கிறார்கள், நம்பகமானதும்கூட. போடலாம் என்று சொன்னேன். அலமாரியை மட்டும் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொன்னேன். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து போன் வரும். பேத்திகளை விசாரித்துவிட்டு, மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்பார்.

"தோல் எத்தனை முடிஞ்சுது?"

"இருநூத்தி அறுபதுப்பா."

"நான் வந்தப்பவே நூறு ஆயிருந்துதேடா. மெதுவா பண்றாங்க."

"ரெண்டு பேர் வரதில்லப்பா இப்போ. ஒருத்தருக்கு முட்டி ஆபரேஷன்."

"டிசம்பர்ல வரேன். அந்தச் சுரண்டற கத்தி மொண்ணையா இருந்துது, வேற வாங்கி வை."